மூலையில் இருந்த ஆமை

சென்ற இதழில், வி.எம். என்ற மெய்நிகர் கணினியில் லினக்ஸ் பழகும் வி.எம்.காரர்களை வெளுத்து வாங்கிய கட்டுரையோடு ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அச்சாகியிருந்தது. விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலுக்குள் உபுண்டு 24.04, பாதி வரைந்து பாதி நின்றுபோன ஒரு மெனு. அது திறக்க எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்ற கட்டுரையாளரின் அங்கலாய்ப்பு கீழே. கட்டுரையைப் படிக்குமுன் படத்தைத்தான் பார்த்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஜன்னலின் வலது கீழ்மூலையில், வரிசையாக நிற்கும் குட்டிச் சின்னங்களுக்கு நடுவே, பச்சை நிறத்தில் ஓர் ஆமை உட்கார்ந்திருந்தது.

அது அலங்காரம் அல்ல. விர்ச்சுவல்பாக்ஸை எழுதியவர்கள் தெரிந்தே வைத்த எச்சரிக்கை. விண்டோஸின் ஹைப்பர்-வி ஓடிக்கொண்டிருக்கும் கணினியில், பிராசஸருக்குள் இருக்கும் மெய்நிகராக்க வசதி முழுக்க அதன் பிடிக்குள் போய்விடும். பின்னால் வரும் விர்ச்சுவல்பாக்ஸ் பிராசஸரை நேரே தொட முடியாது. ஹைப்பர்-வி வாசலில் கைகட்டி நின்று ஒவ்வொரு வேலையையும் கேட்டு வாங்க வேண்டும். அப்படி நிற்கும்போதுதான் மூலையில் ஆமை தோன்றும். நான் ஹைப்பர்-வியே போடவில்லையே என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். போட்டிருக்கத் தேவையில்லை. விண்டோஸ் 11-இன் பாதுகாப்பு அமைப்புகளில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்று ஒரு பொத்தான் உண்டு. புதுக் கணினிகளில் பெரும்பாலும் அது இயங்கியபடியே வரும். அது இயங்கினால் அடியில் ஹைப்பர்-வியும் இயங்குகிறது என்று பொருள்.

இதோடு நிற்கவில்லை அவர். அந்த வி.எம்.முக்குக் கொடுத்தது 2 ஜிபி ரேம், ஒரே ஒரு கோர் என்று அவரே பெருமையோடு எழுதியிருக்கிறார். உபுண்டு 24.04-ஐ வெளியிட்டவர்கள் 4 ஜிபி ரேமும் இரண்டு கோரும் வேண்டும் என்று சொல்லியிருப்பதை அவர் படிக்கவில்லை. முப்பரிமாண முடுக்கம் என்ற பெட்டியையும் டிக் செய்யவில்லை. அது இல்லாவிட்டால் க்னோம் மேசைத்தளத்தின் ஒவ்வொரு நிழலையும் நகர்வையும் கிராபிக்ஸ் சிப் வரையாது, பிராசஸர்தான் வரைய வேண்டும். ஆக அந்த ஒற்றைக் கோர் கணக்கும் போடுகிறது, படமும் வரைகிறது, நடுநடுவே ஹைப்பர்-வியிடம் அனுமதியும் கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஒற்றை மாட்டை இரட்டை ஏரில் பூட்டி, அதன் காலையும் கட்டிவிட்டு, மாடு சோம்பேறி என்று சந்தையில் பேசித் திரிவதற்குப் பெயர் விமர்சனம் அல்ல.

வழி தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், அவர் சொல்லவில்லை. ஹைப்பர்-வி ஏற்கெனவே ஓடுகிறது என்றால் ஹைப்பர்-வியிலேயே வி.எம். அமைத்துக்கொள்ளலாம். இல்லை, விர்ச்சுவல்பாக்ஸ்தான் வேண்டும் என்றால் மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கலாம். அதில் விண்டோஸின் ஒரு பாதுகாப்புச் சுவர் கொஞ்சம் தாழும், தெரிந்தே செய்ய வேண்டும். ஏற்கெனவே லினக்ஸில் இருப்பவருக்கு இந்தத் தலைவலியே இல்லை. கேவிஎம் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, விர்ட்-மேனேஜரைத் திறந்தால் போதும்.

வேகத்தைப் பற்றிய குற்றச்சாட்டு இவ்வளவுதான். கட்டுரையில் பாதிக்கு மேல் அதுதான். மீதியைப் பார்ப்போம், அதில்தான் விஷமம் அதிகம்.

வி.எம்.மில் லினக்ஸ் பழகுவது சொப்புச் சாமானில் சமைப்பது போல என்கிறார். அடுப்பும் பொய், அரிசியும் பொய், அதில் வெந்ததை யாரும் சாப்பிட முடியாதாம். உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொப்பில் வெந்ததைத்தான் அவர் தினமும் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அமேசான் 2006-இல் ஈசி2 என்ற பெயரில் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியபோது, விட்டது இரும்புப் பெட்டிகளை அல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த ஸென் என்ற மென்பொருளின் மேல் ஓடும் மெய்நிகர் கணினிகளைத்தான் விட்டது. கூகுளின் கிளவுட் கேவிஎம் மேல் ஓடுகிறது. டிக்கெட் பதிவதோ, பணம் அனுப்புவதோ, சாப்பாடு வரவழைப்பதோ, மறுமுனையில் பதில் சொல்லும் லினக்ஸ் ஒரு வி.எம்.முக்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே அது ‘நிஜ’ லினக்ஸ். கல்லூரி மாணவர் ஒருவர் தன் மடிக்கணினியில் அதையே செய்தால் மட்டும் சொப்பு.

இதில் வரலாறும் அவருக்கு எதிராகத்தான் நிற்கிறது. மெய்நிகர் கணினி ஏதோ விண்டோஸ் பயனர்களுக்காக நேற்றுக் கண்டுபிடித்த குறுக்குவழி என்ற தொனி கட்டுரை நெடுக இருக்கிறது. ஐபிஎம் தன் விஎம்/370-ஐ வெளியிட்டது 1972-இல். லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் லினக்ஸை எழுதத் தொடங்குவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன். ஒரு பெரிய இயந்திரத்தைப் பல பேருக்குப் பகிர்ந்து, ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு முழுக் கணினி இருப்பதாகத் தோன்றச் செய்தார்கள். 1974-இல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் எதை மெய்நிகர் கணினி என்று சொல்லலாம் என்பதற்கு இலக்கணமே வகுத்தார்கள். உள்ளே ஓடும் நிரல், நிஜ இயந்திரத்தில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ள வேண்டும். வன்பொருளின் கட்டுப்பாடு வெளியே இருக்கும் கண்காணியின் கையைவிட்டுப் போகக் கூடாது. மூன்றாவதுதான் இங்கே முக்கியம்: நிரலின் ஆணைகளில் மிகப் பெரும்பாலானவை எந்த இடைத்தரகரும் இல்லாமல் நேரே பிராசஸரில் ஓட வேண்டும்.

அந்த மூன்றாவது நிபந்தனைதான் நம் மேசைக் கணினிகளை நெடுங்காலம் வாட்டியது. இன்டெல்லின் எக்ஸ்86 வடிவமைப்பில் கண்காணிக்குத் தெரியாமலே நழுவிப் போகும் சில ஆணைகள் இருந்தன. 1999-இல் வந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் அவற்றை ஓடும்போதே மொழிபெயர்த்துச் சமாளித்தது. அசாத்தியமான கெட்டிக்காரத்தனம், ஆனாலும் ஒட்டுப்போட்ட கெட்டிக்காரத்தனம். இன்டெல் 2005 இறுதியிலும் ஏஎம்டி 2006-லும் பிராசஸரிலேயே அதற்கென வசதி வைத்தன. அதைப் பயன்படுத்தி ஏவி கிவிட்டி எழுதிய கேவிஎம், 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 கெர்னலில் லினக்ஸின் உறுப்பாகவே சேர்ந்துவிட்டது. இன்று உங்கள் வி.எம்.முக்குள் ஓடும் டெபியன் கெர்னல் வட்டில் நிறுவும் அதே டெபியன் கெர்னல்தான். அது போடும் கூட்டல் கழித்தலும் அதே சிலிக்கானில்தான் நடக்கிறது. போலியாக இருப்பது நெட்வொர்க் கார்டு, ஹார்ட் டிஸ்க், திரை போன்றவை மட்டும். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன், அங்கே அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் சங்கடத்தோடு. தான் வருடக்கணக்கில் ஓப்பன்சூசே டம்பிள்வீட் பயன்படுத்துவதாகவும், அதை நிஜ வட்டில் போட்டு வைத்திருப்பதாகவும், நித்தம் அப்டேட் வந்தும் ஒருநாள்கூட அது காலை வாரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஏன் வாரவில்லை? ஓப்பன்சூசேகாரர்கள் ஓப்பன்கியூஏ என்ற ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். புதுப் பதிப்பு ஒன்று தயாரானதும் அது மனிதரைப் போலவே உட்கார்ந்து நிறுவிப் பார்க்கும். திரையைப் பார்க்கும், எதிர்பார்த்த பொத்தான் வந்திருக்கிறதா என்று முன்பே எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிடும், சொடுக்கும், கடவுச்சொல் தட்டும், உலாவியைத் திறந்து மூடும். இத்தனையும் எங்கே நடக்கிறது? வி.எம்.களுக்குள். அதில் தேறாத பதிப்பு அவர் கணினிக்கு வருவதே இல்லை. ஃபெடோராவும் இதே கருவியைத்தான் வைத்திருக்கிறது. ஆக, அவர் தின்று ருசித்துப் பாராட்டும் சாப்பாடு, அவர் கேலி செய்யும் சொப்பில் வெந்து, பதம் பார்த்து, பரிமாறப்பட்டது.

அடுத்தது, அவர் மிகவும் ரசித்து எழுதிய பத்தி. டிஸ்ட்ரோக்கள் எனப்படும் லினக்ஸ் வகைகள் எல்லாம் ஒரே வண்டிதான், பெயின்ட் மட்டும் வேறு என்கிறார். அதனால் பத்தைப் போட்டுப் பார்ப்பவர் பத்து வால்பேப்பரைப் பார்க்கிறாராம். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று சொல்லாமல் சொல்கிறார்.

அவருக்கு ஒரு சின்னப் பரிசோதனை தருகிறேன். ஆல்பைன் லினக்ஸின் வி.எம்.முக்கான நிறுவல் கோப்பு 100 எம்பிகூட இல்லை, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இறங்கிவிடும். அதை ஒரு வி.எம்.மில் போடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு வி.எம்.மில் டெபியன். டெபியனில் ஒரு சிறிய சி நிரலைத் தொகுத்து, உருவான கோப்பை ஆல்பைனுக்கு நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லும். பட்டியல் எடுத்துப் பார்த்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கும். ஓட்டினால் மறுபடியும் இல்லை என்னும். எனக்கு முதன்முறை இது நடந்தபோது ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. காணாமல் போனது அந்தக் கோப்பு அல்ல. அதை நினைவகத்தில் ஏற்றிவிட வேண்டிய ஏற்றியைத்தான் காணோம். டெபியனின் நிரல் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தை நம்பித் தொகுக்கப்பட்டது, ஆல்பைனில் இருப்பதோ மசில் என்ற வேறொரு நூலகம். கணினிக்குத் தெரிந்த நேர்மையான பதில் அவ்வளவுதான்: தேடியது இல்லை. எதைத் தேடியது என்று மட்டும் சொல்லாது.

இது பெயின்ட்டா, எஞ்சினா? டாக்கர் கன்டெய்னர்களை வைத்து வேலை செய்கிறவர்கள் தினமும் ஆல்பைன் மேல் ஏறி இறங்குகிறார்கள். இந்த ஒரு பிழையை முன்பே ஒரு வி.எம்.மில் சந்தித்திருந்தவர், அலுவலகத்தில் இரவு பதினொரு மணிக்கு அதே பிழை வரும்போது ஐந்து நிமிடத்தில் எழுந்து வீட்டுக்குப் போவார்.

கணினி எழும்போது சேவைகளை எது எழுப்புகிறது என்பதிலும் வண்டி வேறு. டெபியனிலும் ஃபெடோராவிலும் சிஸ்டம்டி. ஆல்பைனில் ஓப்பன்ஆர்சி. வாய்டில் ரன்இட், அதில் ஒரு சேவையை இயக்குவது என்பது ஒரு கோப்புறைக்கு இன்னொரு இடத்தில் இணைப்பு வைப்பதுதான். சிஸ்டம்டிக்கு டெபியன் மாறியதை ஏற்காதவர்கள் 2014-இல் டெவுவான் என்று தனிக்குடித்தனமே போனார்கள். வால்பேப்பருக்காக யாரும் தாய்வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. நிக்ஸ்ஓஎஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் மொத்தக் கணினியும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே கோப்பில் எழுதி வைத்துவிட்டு, ஒரு கட்டளையில் அப்படியே ஆக்கிக்கொள்ளலாம். பிடிக்கவில்லையா, அடுத்த முறை எழும்போது பழைய நிலையைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். இதைப் படித்து யாருக்கும் புரியாது, கையால் செய்து பார்த்தால்தான் புரியும். அதற்காக வேலைக் கணினியை அழித்துவிட்டு நிக்ஸ்ஓஎஸ் போடு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவருக்கு இருக்கிறது போலும்.

ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில் என்று அவர் சொல்லும் அறிவுரைக்கும் ஒரு பதில் இருக்கிறது. சென்ட்ஓஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைக் கேளுங்கள். சென்ட்ஓஎஸ் 8 வெளிவந்தபோது 2029 வரை பராமரிப்பு உண்டு என்று நம்பி சர்வர்களில் ஏற்றினார்கள். 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: 2021 டிசம்பர் 31-ஓடு கதை முடிந்தது. பிறகு ஒரு வருடம் முழுக்க ராக்கியா, அல்மாவா, டெபியனா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். எதில் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறார் நம் கட்டுரையாளர்? ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலா?

வி.எம்.மில் சோதிப்பவர்களில் பலருக்கே தெரியாத ஒரு வசதி உண்டு. அதை அவர் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு அவர் மேல் உள்ள உண்மையான கோபம். வி.எம்.மில் காலத்தையே சோதிக்கலாம். ஒரு டிஸ்ட்ரோவின் குணம் அதை நிறுவிய முதல் நாளில் தெரியாது. முதல் நாள் எல்லாமே மாப்பிள்ளை வீட்டு விருந்து. இரண்டு வருடம் கழித்து அடுத்த பதிப்புக்கு மாறும்போதுதான் சாயம் வெளுக்கும். நிஜ வட்டில் அதைப் பார்க்க இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். வி.எம்.மில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். 2021-இல் வந்த டெபியன் 11-ஐ நிறுவுங்கள். உங்கள் வேலைக்கு வேண்டியதையெல்லாம் ஏற்றுங்கள்: ஒரு தரவுதளம், ஒரு வலைச் சேவையகம், நீங்களே எழுதிய இரண்டு ஸ்கிரிப்ட், வெளியாட்களின் களஞ்சியத்திலிருந்து ஒரு பொட்டலம். இதை மறக்கக் கூடாது, வம்பு அங்கிருந்துதான் வரும். ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். இனி 12-க்கு மாற்றுங்கள். டெபியனில் ஒரு படியைத் தாண்டி இன்னொரு படிக்குக் குதிக்கக் கூடாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். எது உடைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிப் போய், உடைந்ததை முன்கூட்டியே சரிசெய்துவிட்டு மறுபடி மாற்றுங்கள். பிறகு 2025 ஆகஸ்டில் வந்த 13-க்கு. மதியச் சாப்பாட்டுக்குத் தொடங்கினால் இரவு படுக்கும் முன் நான்கு வருடத்தை வாழ்ந்து முடித்திருப்பீர்கள், அதுவும் தவறிய இடங்களில் திரும்பிப் போய் இரண்டாம் முறை. நிஜ வட்டில் வாழ்க்கை நடத்துகிறவருக்கு இந்த இரண்டாம் முறை கிடைக்குமா?

கிடைக்கும் என்று சொல்லத்தான் வேண்டும், அவருக்கு மட்டும். ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு விளையாடுவதைக் கோழைத்தனம் என்று எழுதியிருக்கிறாரே, அவருடைய ஓப்பன்சூசே ஒவ்வொரு பொட்டல மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்பில் தானாகவே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கிறது. அமைப்பை மாற்றாமல் நிறுவியிருந்தால் அது அவர் கணினியிலும் நடக்கிறது. பல வருடமாக அந்தக் கோழைத்தனத்தின் மடியில்தான் வீரமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

வீரம் என்றதும் அவருடைய கடைசி வாதம். விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸைப் போடு, வேறு வழி இல்லாதபோது தானாகக் கற்றுக்கொள்வாய், கிணற்றில் தள்ளிவிட்டால்தான் நீச்சல் வரும் என்கிறார். தள்ளிவிட்டு நீச்சல் பழகியவர்கள் கரையேறிக் கதை சொல்கிறார்கள். மற்றவர்கள் கதை சொல்ல வருவதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். 2008-இல் வீட்டில் இருந்த ஒரே கணினியில் இப்படித்தான் குதித்தேன். நிறுவும்போது வட்டு முழுவதையும் பயன்படுத்தவா என்று கேட்டது. அது என்னிடம் அனுமதி கேட்கிறது என்ற மகிழ்ச்சியில் ஆம் என்றேன். டி டிரைவில் அண்ணியின் எம்.ஃபில். ஆய்வேடு இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை, பென் டிரைவ் வாங்கித் தருகிறேன் என்று நான்தான் மாதக்கணக்கில் இழுத்தடித்திருந்தேன். கையெழுத்துப் பிரதியை வைத்து அவர் மறுபடியும் தட்டச்சு செய்து முடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பக்க எண்களை வாசித்தேன், அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த வேலை. இன்றைக்கும் அவர் லேப்டாப் இருக்கும் அறைக்குள் நான் நுழைந்தால் அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டார், மூடி எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அந்த இரவு நான் லினக்ஸைப் பற்றிக் கற்றுக்கொண்டது என்று எதுவும் இல்லை. கட்டுரையாளர் கவனிக்க வேண்டிய இடம் அது. பயத்தில் இருப்பவன் கற்றுக்கொள்வதில்லை, அகப்பட்ட கட்டளையையெல்லாம் தட்டிப் பார்க்கிறான்.

என் அசட்டுத்தனத்தை விட்டுவிடுவோம். எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கு என்ன நடந்தது? 2017 அக்டோபரில் உபுண்டு 17.10 வந்தது. அதன் கெர்னலில் இருந்த ஒரு டிரைவர், சில மடிக்கணினிகளின் பயாஸ் சிப்பையே பாழாக்கியது. பயாஸ் அமைப்புகளை மாற்றினால் சேமிக்காது, யுஎஸ்பியிலிருந்து எழாது. உபுண்டுவை நீக்கினாலும் சரியாகாது, கெட்டது வட்டு அல்லவே. டிசம்பரில் கனோனிக்கல் அந்தப் பதிப்பைத் தரவிறக்கப் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டு, ஜனவரியில் திருத்திய கோப்பை வெளியிட்டது. வி.எம்.மில் போட்டவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. அங்கே பயாஸ் என்பதே வட்டில் இருக்கும் ஒரு கோப்பு. கெட்டுப்போனால் அழித்துவிட்டு வேறொரு நகலை வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று விண்டோஸோடு சேர்த்துப் போட்ட சமாதானப் பிரியர்களுக்கும் 2024 ஆகஸ்டில் அடி விழுந்தது. மைக்ரோசாஃப்டின் ஒரு பாதுகாப்பு அப்டேட் பழைய பூட்லோடர்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. இரட்டை பூட் கணினிகளில் அது செய்யாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். பலருக்கு மறுநாள் காலை லினக்ஸ் எழவில்லை, ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது என்ற ஒரு வரி மட்டும் வந்து கணினி அணைந்தது. அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்த்துத்தான் குதித்தார்கள்.

இனி, வாக்குக் கொடுத்தபடி, நியாயத்துக்கு வருகிறேன். வி.எம்.மில் சில விஷயங்களைச் சோதிக்கவே முடியாது. வைஃபை கார்டை அது பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் லினக்ஸுக்குத் தெரிவது கம்பி வழி இணையம்தான். மூடியை மூடினால் தூங்குமா, திறந்தால் எழுமா, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், டச்பேடில் மூன்று விரல் வேலை செய்யுமா, கிராபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் உண்டா என்பதெல்லாம் வி.எம்.மைக் கேட்டால் அது பொய் சொல்லும். வி.எம்.மில் அருமையாக ஓடியது என்று நம்பி நிறுவிவிட்டு வைஃபை இல்லாமல் திண்டாடியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இதை அவர் எழுதியது சரி.

ஆனால் அதற்கு மருந்தாக வட்டை அழி என்கிறாரே, அங்கேதான் வாசகரை ஏமாற்றுகிறார். க்ளாஸ் நாப்பர் 2000-இல் நாப்பிக்ஸ் என்ற லைவ் சிடியை வெளியிட்ட காலத்திலிருந்து மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஒரு பென் டிரைவில் ஏற்றி, வட்டைத் தொடாமல், அதிலிருந்தே கணினியை எழுப்பி வைஃபையையும் டச்பேடையும் பார்த்துவிடலாம். டெபியன் 12-இலிருந்து தேவையான ஃபர்ம்வேர்களை நிறுவல் கோப்பிலேயே சேர்த்துத் தருவதால், முன்பு இருந்த இம்சையும் குறைந்திருக்கிறது. மென்பொருளின் குணத்தை வி.எம்.மில் பார், வன்பொருளோடு ஒத்துப்போகிறதா என்பதைப் பென் டிரைவில் பார். இந்த இரண்டாவதை அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொன்னால் கிணற்றில் தள்ளும் வேலை இல்லாமல் போய்விடும்.

இன்னொரு இடத்திலும் அவரோடு உடன்படுகிறேன். நிறுவி, மேசைத்தளத்தைப் பத்து நிமிடம் பார்த்து, நட்சத்திரம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிஜமாகவே வால்பேப்பர்தான் பார்க்கிறார்கள். குறை அவர்கள் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. எந்த டிஸ்ட்ரோவைத் திறந்தாலும் ஒரே மாதிரியான நாலு வேலையைச் செய்து பார்க்க வேண்டும். என்னுடைய முதல் வேலை தமிழ். ஐபஸ்ஸோடு எம்17என் பொட்டலத்தை நிறுவி, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, ஒரு பத்தி தட்டுவேன். சிலவற்றில் இரண்டு நிமிடத்தில் முடிகிறது. சிலவற்றில் வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கிறது. சிலவற்றில் உலாவியில் வரும் தமிழ் ஆஃபிஸில் வராது. டெர்மினலில் கோப்பின் பெயரைத் தமிழில் வைத்துப் பட்டியல் எடுத்தால், பல இடங்களில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கும். வி.எம்.மில் இதைப் பார்ப்பதும் நிஜ வட்டில் பார்ப்பதும் ஒன்றேதான், ஒரு புள்ளிகூட மாறாது. எல்லா டிஸ்ட்ரோவும் ஒன்றே என்று தமிழில் கட்டுரை எழுதியவர், அதைத் தமிழில் தட்டிப் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

நெட்வொர்க் பழகுபவர்களைப் பற்றி ஒரே வரி: மூன்று வி.எம்.களைத் தங்களுக்குள் மட்டும் பேசும்படி இணைத்து, ஒன்றில் டிஎன்எஸ், ஒன்றில் ஃபயர்வால், ஒன்றில் பயனர் என்று ஒரு குட்டி அலுவலகத்தையே மேசை மேல் வைக்கலாம். ஒற்றை நிஜ வட்டில் இதை எப்படிச் செய்வது என்று அவர் தனிக் கட்டுரை எழுதினால் வாங்கிப் படிப்பேன்.

இதற்கு அவர் பதில் எழுதுவார் என்று தெரியும், எழுதட்டும். ஆசிரியரிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். பதிலோடு புதிதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் கேட்டு வாங்குங்கள். அதே உபுண்டு 24.04, அதே மெனு. 4 ஜிபி ரேம், இரண்டு கோர், முப்பரிமாண முடுக்கம் டிக் செய்தபடி. படத்தைப் பக்கத்துக்குள் அடக்க எந்த ஓரத்தை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், வலது கீழ்மூலையை மட்டும் விட்டுவிடுங்கள்.